'இந்த வயசுல போய் என்ன ட்ரீட்மென்ட்?' - வீட்டுப் பெரியவர்களின் குடிப்பழக்கத்தை நாம் ஏன் கணக்கிலேயே எடுப்பதில்லை?

என் தாத்தா செவிலிமேட்டில் தறி போட்டவர். 71 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவது நாள் ராத்திரி, படுக்கை முழுக்க எறும்பு ஊருது என்று கத்த ஆரம்பித்தார். வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. இல்லாத நாடாவைப் பிடித்துத் தள்ளுவது மாதிரி இரண்டு கையும் காற்றில் போய் வந்தன. 'வயசாயிடுச்சுல்ல, மயக்க மருந்து கொடுத்தா அப்படித்தான் ஆகும்' என்றார்கள் சொந்தக்காரர்கள். நாங்களும் நம்பினோம். மறுநாள் காலையில் ஆயாதான் டாக்டர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார்: 'அவரு தினம் சாயங்காலம் கொஞ்சம் எடுத்துக்குவாருங்க.'

அந்தக் 'கொஞ்சம்', 40 வருஷப் பழக்கம். டாக்டர் உடனே மருந்தை மாற்றினார். அட்மிஷன் போடும்போது நாங்கள் சொன்ன விவரங்களில் சுகர் இருந்தது, பிபி இருந்தது, கண்புரை ஆபரேஷன்கூட இருந்தது. இது மட்டும் இல்லை. யாராவது கேட்டார்களா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. நாங்கள் மறைத்தோம் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தாத்தாவுக்கு நடந்ததற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது: டெலிரியம் ட்ரெமென்ஸ். பல வருஷம் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தும்போது கொடுக்கும் எதிர்வினை. பொதுவாகக் கடைசியாகக் குடித்ததிலிருந்து 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும். குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், இதயத் துடிப்பு எகிறுவது, சிலருக்கு வலிப்பு. சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். வயதானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆனால் அவர்களுக்கு வரும்போதுதான் நாம் அதை 'வயசுக் கோளாறு' என்று சொல்லிவிடுகிறோம்.

போதைப் பழக்கம் என்றாலே நம் செய்திகளில் வருவது கல்லூரி வாசல், கஞ்சா, மாத்திரை, இளைஞர்கள். அது தேவையான செய்திதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டாஸ்மாக் வரிசையில் ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும், நரைத்த தலைகள் எத்தனை என்று. அவர்களுக்குச் சிகிச்சை எங்கே, எப்படி என்று யாரும் பேசுவதில்லை.

கணக்கெடுப்பே 75 வயதோடு நின்றுவிட்டது

இந்தியாவில் போதைப் பழக்கம் பற்றிய பெரிய கணக்கெடுப்பு, மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்டது. மது குடிப்பவர்கள் சுமார் 16 கோடி பேர், அதில் உதவி தேவைப்படும் அளவுக்குச் சிக்கலில் இருப்பவர்கள் சுமார் 5.7 கோடி பேர் என்று அது சொன்னது. இந்த எண்களைப் பலமுறை படித்திருப்பீர்கள். அதிகம் கவனிக்கப்படாத ஒரு விஷயம், அந்த ஆய்வின் வயது வரம்பு: 10 முதல் 75 வரை. 76 வயதுக்காரர் ஒருவர் தினமும் குவார்ட்டர் அடித்தாலும், அந்தக் கணக்குப்படி அவர் இந்த நாட்டில் இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றதாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, மதுப் பிரச்சினை உள்ளவர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்றது. அந்த ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எல்லா வயதுக்கும் சேர்த்தே நிலைமை இப்படி. சொந்தமாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போக முடியாத ஒருவருக்கு எப்படி இருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாடு வேகமாக வயதாகிக்கொண்டிருக்கும் மாநிலம். 2021-ல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள் என்றும், 2031-ல் அது 18.2 சதவீதம் ஆகும் என்றும் மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது. கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். டாஸ்மாக் சில்லறை விற்பனையை அரசு கையில் எடுத்தது 2003 நவம்பரில். அப்போது 45 வயதில் இருந்தவர் இன்று 65-ஐத் தாண்டிவிட்டார். கடையோடு சேர்ந்து வாடிக்கையாளருக்கும் வயதாகியிருக்கிறது. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்ட பிறகும் 4,800-க்கு மேல் கடைகள் இருந்தன. 2024-25-ல் வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது.

'ஒரு கட்டிங் தானே?'

பெரியவர்கள் விஷயத்தில் எல்லோரும் சொல்லும் வசனம் இது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 90 மில்லி, அதாவது ஒரு கட்டிங்கில், கிட்டத்தட்ட 30 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு 'டிரிங்க்' என்பது 14 கிராம். 65 வயதைத் தாண்டிய, வேறு நோயும் மருந்தும் இல்லாத ஒருவர் வாரத்துக்கு 7 டிரிங்கைத் தாண்டக்கூடாது என்பது அங்கே சுகாதார அமைப்புகள் வைத்த வரம்பு. தினம் ஒரு கட்டிங் என்றால் வாரத்துக்கு 15. அதாவது, இரண்டு மடங்கு. குவார்ட்டர் என்றால் நான்கு மடங்கு. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது இன்னும் கறாரானது: பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை.

30 வயதில் தாங்கிய அளவை 70 வயது உடம்பு தாங்காது. வயதாக ஆக உடம்பில் தண்ணீரின் அளவு குறைகிறது, அதனால் அதே அளவு மது ரத்தத்தில் அதிகச் செறிவாக நிற்கும். கல்லீரலும் மெதுவாகத்தான் வேலை செய்யும். 'அளவு கூடவே இல்ல, எப்பவும் போலத்தான் எடுத்துக்குறேன்' என்று அப்பா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். மாறியது அளவு இல்லை, உடம்பு.

இதோடு மாத்திரைகள். சர்க்கரைக்கு கிளிமெபிரைட் போடுபவர் சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை அபாயமான அளவுக்குக் கீழே இறங்கலாம். மெட்ஃபார்மினோடு அதிக மது சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து இருக்கிறது. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். அல்பிரசோலம், டிரமடால் போன்றவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத, தனிப் பதிவேடு வைக்க வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் வருஷக்கணக்கில் பழைய சீட்டையே காட்டி வாங்கிப் போடும் பாட்டிமார்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. அதுவும் போதைப் பழக்கம்தான். வெற்றிலையோடு போடும் புகையிலையும் அப்படியே. பெண்கள் என்பதால் யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

செவிலிமேட்டிலிருந்து கிளம்பினால் எங்கே போவது?

காஞ்சிபுரத்துக்கு வெளியூரிலிருந்து பட்டு வாங்க வருபவர்களுக்குச் செவிலிமேடு தெரிய வாய்ப்பில்லை. ராமாநுஜர் வரதராஜருக்குத் தீர்த்தம் எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் சாலைக் கிணற்றுக்கு வரும் வைணவர்களுக்குத் தெரியும். முன்பு தனிப் பேரூராட்சி, இப்போது காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. பாலாறு பக்கம்.

நெசவு உட்கார்ந்தே செய்யும் வேலை. குழிக்குள் காலை விட்டு, குனிந்தபடி, நாள் முழுக்க. இடுப்பும் கழுத்தும் முட்டியும் போய்விடும். 'உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறேன்' என்று சொல்வதைச் சாக்கு என்று சுலபமாகத் தள்ளிவிட முடியாது. வலிக்கு வேறு வைத்தியம் அவருக்கு எப்போதாவது கிடைத்ததா என்று கேட்க வேண்டும். இன்னொரு பக்கம், அறுந்த இழையை விரலால் முறுக்கிப் பிணைக்கிற வேலைக்கு நடுங்காத கை வேண்டும். காலையில் கை நடுங்கும், ஒரு வாய் போட்டால் நிற்கும், பிறகுதான் தறியில் உட்கார முடியும். இந்த நிலைக்கு வந்தவருக்கு 'நாளையிலிருந்து விட்டுடுங்க' என்று அறிவுரை சொல்வதால் ஒன்றும் நடக்காது. சிகிச்சை வேண்டும்.

முதல் இடம், காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது, 1965-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அந்தப் பக்கம் போய்விட்டது. அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களின் பட்டியலில் காஞ்சிபுரம் சேர்ந்தது அப்படித்தான். அதற்கு மேல் என்றால் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, 1794-ல் தொடங்கியது, இங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர். தொண்டு நிறுவனங்களில் அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை முக்கியமானது. குடிப்பழக்கத்தால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை நடத்துவது.

2025 பிப்ரவரியில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தமிழக அரசு தொடங்கியது. உண்மையிலேயே நல்ல வேலை. தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38 என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் தூரத்தைவிடப் பெரிய சிக்கல், கூட யார் இருப்பது என்பது. வயதானவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். ஆயாவுக்கு 66 வயது, முட்டி வலி. மகன் ஒரகடத்தில் ஷிஃப்ட். மருமகள் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ் பிடிக்கிறார். பத்து நாள் லீவு போட்டால் சம்பளம் போகும், சில இடத்தில் வேலையே போகும். 'சரி, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவது அலட்சியத்தால் மட்டும் இல்லை.

வார்டின் சூழலும் சேர்ந்துகொள்கிறது. நம் போதை மீட்பு வார்டுகளில் பெரும்பாலும் 25 முதல் 45 வயது ஆண்கள். குழுவாக உட்கார்ந்து பேசும் கவுன்சலிங்கில் வேலை, கல்யாணம், கடன் என்று பேச்சு போகும். நண்பர்கள் ஒவ்வொருவராக இறந்துபோவதையும், பிள்ளைகளிடம் கைநீட்டிக் காசு வாங்க வேண்டியிருப்பதையும் 70 வயதுக்காரர் அங்கே எப்படிப் பேசுவார்? பேரன் வயதுப் பையன் முன்னால் அழுவாரா? மருந்துகளிலும் வித்தியாசம் உண்டு. குடித்தால் வாந்தி வரவைக்கும் டைசல்பிராம், இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தானது. மாற்று மருந்துகள் இருக்கின்றன, ஆனால் சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் பார்த்துத்தான் தர முடியும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி விளம்பரம் செய்யும் பொடிகளை நம்பவே வேண்டாம்.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 'டிரிங்க் வைஸ், ஏஜ் வெல்' என்ற திட்டம் முதியவர்களின் குடிப்பழக்கத்தை மட்டும் எடுத்து வேலை செய்தபோது, அங்கே பல மறுவாழ்வு மையங்கள் வயது உச்சவரம்பு வைத்திருந்தது தெரியவந்தது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, ஓபியாய்டு சிகிச்சை மையங்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்ததே 2020 ஜனவரி 1-ல்தான்.

இன்ஷூரன்ஸ் இருக்கே?

ஆபீஸ் குரூப் பாலிசியில் அப்பா அம்மாவைச் சேர்த்திருக்கிறீர்களா? அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து விலக்குகள் பகுதியைப் பாருங்கள். மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் கிடையாது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் தரப்படுத்திய விலக்குப் பட்டியலில் அதற்கு 12-வது எண்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருளோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதே சட்டத்தின் 21-வது பிரிவு, உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஒரு கை நோய் என்று எழுதுகிறது, இன்னொரு கை அடித்துவிடுகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது குடும்பம்.

விலக்கில் 'அதன் விளைவுகளும்' என்ற வார்த்தை இருப்பதைக் கவனித்தீர்களா? குடும்பங்கள் டாக்டரிடம் மறைப்பதற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை. கேஸ் ஷீட்டில் 'குடிப்பழக்கம்' என்று எழுதிவிட்டால் இடுப்பு ஆபரேஷன் கிளைமே போய்விடுமோ என்ற பயமும் உண்டு. எங்கள் வீட்டில் இருந்தது.

தனியார் மையத்து வேன்

வேறு வழியில்லாமல் சிலர் தனியார் மையத்துக்கு போன் செய்கிறார்கள். வேன் வருகிறது, நாலு பேர் வந்து தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். சட்டம் இதை அனுமதிக்கவில்லை. போதை மீட்பு மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். முடிவெடுக்கும் நிலையில் இருப்பவரை அவர் சம்மதத்தோடுதான் சேர்க்க முடியும். அந்த நிலையில் இல்லாதவரை அவரது நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்க்கலாம். அதற்கும் மருத்துவப் பரிசோதனை வேண்டும், முதல் கட்டமாக 30 நாள்தான். பதிவில்லாத மையங்களில் அடி வாங்கி உயிர் போன செய்திகள் சென்னையிலேயே வந்திருக்கின்றன. 70 வயது எலும்பு அந்த வேன் பயணத்தையே தாங்காது.

ஒரே ஒரு கேள்வி கூடுதலாக

வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் திட்டம் நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. தன்னார்வலர் அக்கா பிபி, சுகர் பார்க்கிறார், மாத்திரை தருகிறார். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரணச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. குடிப்பழக்கத்தை அறிய உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 10 கேள்விப் பட்டியல் இருக்கிறது, அதன் சுருக்கம் வெறும் 3 கேள்வி. எவ்வளவு அடிக்கடி, ஒரு நாளைக்கு எவ்வளவு, ஒரேயடியாக அதிகம் குடிப்பது எப்போதெல்லாம். இரண்டு நிமிட வேலை. தாத்தாவுக்கு மெட்ஃபார்மின் கொடுக்க வரும் அதே அக்கா இதையும் கேட்டுக் குறித்துக்கொண்டால், இடுப்பு உடைவதற்கு முன்பே பலர் டாக்டர் கண்ணில் படுவார்கள். அந்தக் கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊக்கத்தொகையும் கொடுக்க வேண்டும், சும்மா தலையில் கட்டக்கூடாது.

தேசிய முதியோர் நலத் திட்டத்தில் மாவட்ட மருத்துவமனைகளில் 10 படுக்கை கொண்ட முதியோர் வார்டு என்ற ஏற்பாடு இருக்கிறது. போதை மீட்புக்குத் தனித் திட்டம், தனிப் பணம், தனி வார்டு. 68 வயதில் குடிக்கும் ஒருவர் இரண்டு வார்டுக்கும் உரியவர் என்பதால் இரண்டிலும் இல்லாமல் போகிறார். வாரத்தில் ஒரு நாள் மனநல மருத்துவர் முதியோர் வார்டில் உட்கார்ந்தால் போதும், புதுக் கட்டடம் தேவையில்லை. சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை, இதற்கான நடைமுறையை எழுதிக் கொடுக்கச் சரியான இடம்.

'இவ்வளவு செலவு பண்ணி 70 வயசுல என்ன பிரயோஜனம்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். சிகிச்சைக்கு வரும் முதியவர்கள், இளைஞர்கள் அளவுக்கோ அவர்களைவிட நன்றாகவோ மீள்கிறார்கள் என்பதுதான் இதுவரை வந்த ஆய்வுகள் சொல்வது. சந்திப்புகளைத் தவறவிடுவதில்லை, சொன்ன மருந்தை ஒழுங்காகப் போடுகிறார்கள்.

இன்றைக்கே என்ன செய்யலாம்?

முதல் விஷயம்: தினமும் குடிப்பவரை வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். பாட்டிலைப் பிடுங்கி உடைப்பது, அறையில் பூட்டுவது எல்லாம் சினிமாவுக்குத்தான். 2020 ஊரடங்கில் கடைகள் திடீரென மூடியபோது இந்தத் திடீர் நிறுத்தம் எவ்வளவு பேரைப் பாதித்தது என்று பார்த்தோம். கிடைத்ததைக் குடித்துச் செத்தவர்களும் உண்டு. டாக்டரிடம் பேசிவிட்டு, அவர் மேற்பார்வையில் நிறுத்துவதுதான் வழி.

போன் எண்கள்: போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். முதியோர் உதவி எண் 14567. மாநில அரசின் மருத்துவ உதவி எண் 104. புகையிலையை விட 1800-11-2356. அவர் பேச மாட்டார் என்றால் நீங்கள் பேசலாம், தப்பில்லை. பேசுவதற்கு முன் அவர் போடும் எல்லா மாத்திரைப் பட்டையையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு எதற்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், கண் ஆபரேஷனாக இருந்தாலும் சரி, பல் பிடுங்குவதாக இருந்தாலும் சரி, எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தாத்தா அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். தறியில் திரும்ப உட்காரவில்லை, வாக்கர் பிடித்து வாசல் வரை வருவார். ஆறு மாதம் கழித்துக் கண் ஆபரேஷனுக்கு இன்னொரு தடவை அட்மிட் செய்தபோது, நர்ஸ் விவரம் கேட்க, அப்பா தயங்கினார். தாத்தாவே முந்திக்கொண்டார்: 'எழுதிக்கம்மா, 40 வருஷம் குடிச்சேன். இப்ப ஆறு மாசமா இல்ல.'